யாரும் குடிக்காத துளை

"போர் போட்டாச்சுண்ணே, தண்ணி அருமையா வருது." 2019 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம், சிங்கப்பூரின் சாங்கியில் கன்டெய்னர் அலுவலகத்தின் நிழலில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது தம்பியிடமிருந்து இந்தக் குரல்பதிவு வந்தது. கூடவே ஒரு வீடியோ. கறுப்பு ஓஸிலிருந்து பீய்ச்சியடிக்கும் தண்ணீரை அம்மா இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொள்கிறார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேதாரண்யத்துக்கு வடக்கே, கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கொல்லையில் நின்ற தென்னை எங்கள் உறைகிணற்றின் மேலேயே விழுந்தது. மேலே இருந்த மூன்று வளைய உறைகள் உடைந்தன, சுற்றியிருந்த மணல் உள்ளே சரிந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம் அம்மாவும் அத்தையும் பஞ்சாயத்துக் குழாயடியில்தான் நின்றார்கள். அதனால் அன்று அந்த "ஆச்சு" எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தது என்று சொல்லி முடியாது.

ஆனால் இத்தனை வருடமாக என்னை விடாமல் உறுத்துவதும் அதே சொல்தான். என்ன ஆச்சு? பூமியில் 110 அடிக்கு ஒரு துளை விழுந்தது, அதற்குள் ஒரு பிவிசி குழாய் இறங்கியது, மோட்டார் ஓடியது. காலை எட்டு மணிக்கு வந்த வண்டி சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பிப் போய்விட்டது. நான் இங்கிருந்து அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் அனுப்பினேன். அடிக் கணக்குதானே, ஆழம் போனால் நல்லது என்று நானே சொன்னேன். "இன்னும் இருவது அடி போகச் சொல்லு, காசைப் பாக்காத" என்று தம்பியிடம் சொன்னது என் வாய்தான்.

மணல் ஊறிய வீடு

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அம்மா, சோறு வடிக்கும்போது பல்லில் நறநறவென்று படுகிறது என்றார். குழாய் வாஷர்கள் வாரத்துக்கு ஒன்று தேய்ந்தன. மாடித் தொட்டியைக் கழுவ ஏறிய தம்பி, அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மணல் படிந்திருப்பதாகப் படம் எடுத்து அனுப்பினான். சாம்பல் கலந்த வெள்ளையில், மாவு போல நைஸான மணல். ஆகஸ்டில் மோட்டார் நின்றது. மெக்கானிக் கழற்றி, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பல தலைமுறை கைமாறிய நாணயம் போல விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. புது மோட்டார் போட்டோம். அதுவும் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

மணலாவது வடிகட்டினால் போகும். அதற்கடுத்து வந்தது உப்பு. "பருப்பு வேகமாட்டேங்குதுப்பா, ரெண்டு மணி நேரமா அடுப்புல கெடக்கு" என்று அம்மா சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் கடலின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மழையில் இறங்கிய நீர் மணலுக்குள் ஒரு தட்டு போலத் தேங்கி, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் நிற்கிறது. கடல்நீர் இரண்டரை விழுக்காடுதான் கூடுதல் கனம். அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். எங்கள் கொல்லையில் அப்படி மேலே நிற்பது ஒன்றரை அடி, மிஞ்சிப்போனால் இரண்டடி. அறுபது, எண்பது அடியோடு நல்ல தண்ணீர் முடிகிறது. நாங்கள் போனது 110. ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது பாறை நாட்டுக்காரர்களின் அறிவு. கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் அது செல்லும். கடலோர மணலில் அதே அறிவு உப்புக்குள் கொண்டுபோய் விடுகிறது.

அதோடும் நிற்கவில்லை. அந்த வருடக் கடைசியில் போரைச் சுற்றிப் போட்ட சிமென்ட் மேடை நடுவில் பிளந்து ஒரு பக்கம் இறங்கியது. இரண்டு முழம் தள்ளியிருந்த சமையற்கட்டுப் படியும் சாய்ந்தது. யோசித்தால் இதில் வியப்பே இல்லை. தொட்டியில் படிந்த மணலெல்லாம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வீட்டின் அடி மண்ணைத்தான் நாங்கள் வாளி வாளியாக மேலே இறைத்துக்கொண்டிருந்தோம்.

சாங்கியில் ஒரு மாலை

நான் சிங்கப்பூரில் செய்வது மண் ஆய்வு வேலை. கட்டடமோ ரயில் நிலையமோ வருமுன் அந்த இடத்தில் துளையிட்டு, மண்ணை எடுத்துப் பார்த்து, நீர்மட்டம் அளக்கக் குழாய் பதித்துக் கொடுக்க வேண்டும். ஸ்டாண்ட்பைப் என்போம். ஐம்பது மில்லிமீட்டர் பிவிசி குழாய், கீழ்ப்பகுதியில் தண்ணீர் நுழைய மெல்லிய கீறல்கள், அவைதான் ஸ்லாட். பக்கத்தில் ஆழமாகத் தோண்டும்போது நிலத்தடி நீர் இறங்கினால், கடல் களிமண் அமுங்கி அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் கூடவே இறங்கும். அதைக் கண்காணிக்கத்தான் இந்தக் குழாய்.

2020 பிப்ரவரி, மாலை ஆறு மணி இருக்கும். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், காலடியில் எல்லாம் மணல். துளையிடும் ரிக் இயந்திரத்தை ஓட்டும் அண்ணன் பேராவூரணிப் பக்கத்துக்காரர், இருபது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறார். துளைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சலித்த மணலைக் கை கையாகப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கை போடுவார், நுனியில் கனம் கட்டிய அளவு நாடாவை உள்ளே விடுவார், "எட்டு மீட்டர் இருவது" என்பார். நான் தாளில் எழுதுவேன். மறுபடி இரண்டு கை, மறுபடி நாடா. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் மணல் நடுவழியில் சிக்கி நின்றுகொள்ளும், கீழே வெற்றிடமாகிவிடும். மணல் முடிந்ததும் ஒரு மீட்டருக்கு பெண்டோனைட் உருண்டைகள். தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருத்து, மேல்தண்ணீர் கீழே இறங்காமல் அடைக்கிற களிமண் அது. அதற்கும் மேலே சிமென்ட் கலவை. கடைசியில் குழாய்க்குள் தண்ணீர் விட்டுத் தெளியும் வரை அலசுவது. எல்லாவற்றுக்கும் படம், அளவு, நேரம், என் கையெழுத்து.

அப்போதுதான் தம்பியின் வீடியோ வந்தது. இரண்டாவது மோட்டாரும் போய்விட்டது, கழற்றிய குழாயிலிருந்து சேறும் மணலுமாகக் கொட்டுகிறது. அண்ணன் எட்டிப் பார்த்தார். கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "ஃபில்டருக்கு என்ன போட்டாங்க தம்பி?" என்றார்.

நைலான் வலை சுற்றியிருந்ததாகச் சொன்னேன்.

"வலை சரி. வலைக்கும் மண்ணுக்கும் நடுவுல?"

மேலே இரண்டு சட்டி முக்கால் இஞ்ச் ஜல்லி கொட்டினார்கள். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஸ்லாட் எந்த அடியிலேருந்து எந்த அடி வரைக்கும்? அடைப்பு எத்தனை அடி? எத்தனை மணி நேரம் கழுவினாங்க?" ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. கையில் அட்டையும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தேன். அந்தத் துளையின் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டரும் என் தாளில் இருந்தது. அவர் மறுபடி குனிந்து மணலை அள்ளினார். "இந்த ஓட்டையில ஒரு ஆளும் தண்ணி குடிக்கப் போறதில்ல தம்பி" என்றார், நாடாவை இறக்கிக்கொண்டே. "ஏழு மீட்டர் தொண்ணூறு. எழுதிக்க."

எழுதினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. செய்முறை எனக்குத் தெரியும். தினமும் செய்கிறேன், பிறர் தவறினால் திருப்பி அனுப்புகிறேன். வீட்டுக் கிணறு என்றதும் அந்த அறிவு ஏன் வேலை செய்யவில்லை? யோசித்து யோசித்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இங்கே துளை போட்டு முடித்த பிறகுதான் வேலை தொடங்குகிறது, அதற்கென்று நேரமும் சம்பளமும் ஒரு தாளும் ஒரு ஆளும் இருக்கிறார்கள். ஊரில் காசு அடிக்குத்தான். குழாயைச் சுற்றி என்ன போகிறது, எத்தனை மணி நேரம் அலசுகிறார்கள் என்பதற்கு விலையே இல்லை, விலை இல்லாததால் கேட்பாரும் இல்லை. போர் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அன்று மாலை இன்னொரு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நான் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை அடி.

பழைய கேணியை முடித்தவர்கள்

அந்த ஏப்ரல் 7 அன்று கொரோனாவால் சிங்கப்பூர் முடங்கியது. நான் உட்லண்ட்ஸ் வீட்டு அறையில், அண்ணன் துவாஸ் விடுதியில். ஊருக்குப் போகும் வழியில்லை. அந்த மாதங்களில் அப்பாவோடு தினமும் பேசினேன், பெரும்பாலும் பழைய கேணியைப் பற்றி. உறை இறக்கும்போது நான் சின்னப் பையன். உறைக்கு உள்ளே ஒருவர் உட்கார்ந்து சுற்றிலும் சமமாக மணலைப் பறிப்பார். உறை தன் கனத்தில் அரையடி இறங்கும், மேலே இன்னொன்றைத் தூக்கி வைப்பார்கள். ஒரு பக்கம் கூடப் பறித்தால் சாய்ந்துவிடும். தண்ணீர் கண்டதும் அடியில் நெல்லிக்கட்டை போட்டதும், உறைக்கு வெளியே கழுவிய சரளையைக் கூடை கூடையாக இறக்கியதும் அப்பா சொல்லித்தான் நினைவுக்கு வந்தது. "சரளை எதுக்குப்பா?" என்று கேட்டேன். "மண்ணு வராம, தண்ணி மட்டும் வரத்தான். பிறகு ரெண்டு நாளு எறச்சுக்கிட்டே கெடந்தோமே. கலங்கல் போனாத்தான கேணி" என்றார். கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த சுடுமண் உறைகளின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்கிறது. மணலில் கிணறு என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தே இருந்தது. வண்டி வந்து ஒரு பகலில் நூறு அடி போட ஆரம்பித்ததும் நடுவில் எங்கோ அது விட்டுப்போயிற்று.

நொய் அளவு

2022 ஜூனில் ஒரு மாத விடுப்பில் போனேன். கோடையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது போடும் கிணறுதான் வருடம் முழுக்க நிற்கும் என்பதால் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். இடம், கக்கூஸ் தொட்டியிலிருந்து அறுபது அடி தள்ளி. மணலில் அழுக்கும் வேகமாக நடக்கும். ஆட்கள், இன்னும் கையால் போர் போடும் ஒரு குழு. அடிக்குக் கூலி வேண்டாம், நாள் கூலி தருகிறேன், எத்தனை நாளானாலும் சரி என்றேன். பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நிதானமாப் பண்ணலாம்" என்றார்.

பத்து அங்குல இரும்புக் குழாயைத் தற்காலிகமாக இறக்கி, உள்ளேயிருந்த மணலை எடுத்துக்கொண்டே போனோம். குழாய்க்குள் தண்ணீரை எப்போதும் வெளிமட்டத்துக்கு மேலேயே நிரப்பி வைத்தோம். இல்லாவிட்டால் அடிமணல் பால் பொங்குவது போல மேலே வந்துவிடும். ஒவ்வோர் ஐந்தடிக்கும் ஒரு பிடி மணலைக் கழுவிக் காயவைத்து, மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத் தாளில் பரப்பிப் படம் எடுத்தேன். இருபது அடிக்குக் கீழே பெரும்பாலான மணிகள் கால் மில்லிமீட்டர். வடிகட்டி மணல் அதைப்போல நாலிலிருந்து ஆறு மடங்கு இருக்க வேண்டும், அதாவது ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். முக்கால் இஞ்ச் ஜல்லிக்குள் கால் மில்லிமீட்டர் மணல் திறந்த வாசலில் ஆடு நுழைவது போல நுழைந்துவிடும். என்ன அளவு வேண்டும் என்று அத்தைக்கு விளக்கத் தெரியாமல் திணறினேன். அவர் என் உள்ளங்கையிலிருந்த மணிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நொய்யி மாதிரி" என்றார். அதற்குமேல் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. ஆற்று மணலை இரண்டு சல்லடையில் சலித்து, பெரியதில் விழுந்து சின்னதில் தங்கியதை மட்டும் எடுத்தோம். நாலு தண்ணீர் விட்டுக் கழுவினோம்.

பெண்டோனைட்டுக்குப் பதில் குளத்துக் களிமண். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாள் உருட்டினார்கள். இலந்தைப்பழ அளவு, முக்கால் சாக்கு. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிப்பது போல முறங்களில் வரிசையாகக் காய்ந்தன. வாங்கிய பெண்டோனைட் அளவுக்கு இது ஊதாது, ஆனாலும் தண்ணீரில் இளகி ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும்.

32 அடி. அடியில் மூடியிட்ட வெறுங்குழாய் இரண்டடி, தப்பித்தவறி வரும் மணல் தங்குவதற்கு. அதற்கு மேல் பத்தடிக்கு முக்கால் மில்லிமீட்டர் கீறல் போட்ட நாலங்குலக் குழாய். பிறகு தரை வரை வெறுங்குழாய். நொய் மணல் 32 அடியிலிருந்து 16 அடி வரை. இடைவெளியின் கன அளவைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறு சிமென்ட் சாக்கு வந்தது. நான் கொட்டினேன், தம்பி நாடா விட்டான், அப்பா நாட்குறிப்பில் எழுதினார். மூன்றாவது சாக்கில் நாடா திடீரென்று நாலடி ஏறிக் காட்டியது. நடுவழியில் சிக்கிவிட்டது. இரும்புக் குழாயை மெல்ல ஆட்டித் தண்ணீர் விட்டதும் தொபுக்கென்று இறங்கியது. அன்று நாடா இல்லாவிட்டால் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இரும்புக் குழாயை இரண்டிரண்டு அடியாக உருவிக்கொண்டே போட்டோம். ஆறாவது சாக்கு முடிந்தும் ஒரு முழம் நிரம்பாமல் இருந்தது, இன்னும் அரைச் சாக்கு இறங்கியது. மேலே இரண்டடி களிமண் உருண்டை, பிறகு மண், மேல் ஐந்தடி சிமென்ட்.

அடுத்து நாங்கள் செய்ததுதான் என் மனதில் மிக நெருக்கமாக நிற்கிறது. லாரி டியூப்பை வட்டமாக வெட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி, குழாய்க்குள் சரியாகப் போகும்படி நீளக் கம்பியில் மாட்டினோம். அதை மேலும் கீழும் இழுத்தால் தண்ணீர் கீறல் வழியாக வெளியே தள்ளப்பட்டு, மறுபடி உள்ளே உறிஞ்சப்படும். அந்த உதைப்பில்தான் குழாயைச் சுற்றியுள்ள நுண்மணல் கழன்று உள்ளே வரும், வடிகட்டி மணலும் இறுகி உட்காரும். ஐம்பது முறை இழுப்பது, இறைப்பது, மறுபடி இழுப்பது. முதலில் காப்பி நிறம். பிறகு மோர். பிறகு அரிசி களைந்த தண்ணீர். ஒவ்வொரு முறையும் வெள்ளை வாளியில் பிடித்துக் கையால் சுழற்றி விடுவேன். சுழற்சி அடங்கும்போது மணலெல்லாம் வாளியின் நடுவில் ஒரு பொட்டாகக் கூடும். காலையில் அது உள்ளங்கை அகலம். மாலையில் ஐந்து ரூபாய் நாணயம். மறுநாள் மதியம் ஒரு மிளகு. பெரியவர், "போதும் தம்பி, தெளிஞ்சிட்டு" என்றார். நான் கேட்கவில்லை. அப்பாவும் எழுந்து வந்து கம்பியைப் பிடித்தார். இரண்டு நாளில் மொத்தம் பதினொரு மணி நேரம். கடைசி வாளியில் பொட்டே இல்லை, மூன்று நான்கு மணிகள் மட்டும் மினுங்கின. ப்ளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, ஒரு இரவு வைத்து இறைத்தோம். மோட்டார் அரை குதிரைத்திறன்தான். வேகமாக உறிஞ்சினால் கீழேயிருக்கும் உப்பு மேலே கிளம்பி வந்துவிடும் என்பதால், நேரமானாலும் தொட்டி மெதுவாக நிரம்பட்டும் என்று விட்டுவிட்டோம்.

பழைய 110 அடியையும் சும்மா விடவில்லை. கைவிட்ட ஆழ்துளைகளைக் கீழிருந்து மேல்வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருக்கிறது. குழந்தைகளுக்காகச் சொன்னது அது. எங்கள் மண்ணில் இன்னொரு காரணமும் உண்டு, திறந்து கிடந்தால் உப்புக்கும் நல்ல தண்ணீருக்கும் நடுவில் அது ஒரு பாதை. களிமண்ணும் சிமென்ட்டுமாக அடைக்க ஒரு முழு நாள் ஆனது. சமையற்கட்டுப் படி மட்டும் இன்னும் சாய்ந்தபடிதான் இருக்கிறது.

அப்பா அந்த நாட்குறிப்பை நிறுத்தவே இல்லை. ஞாயிறுதோறும் நீர்மட்டம் அளந்து படம் அனுப்புகிறார். அதை நான் அண்ணனுக்குத் தள்ளிவிடுகிறேன். போன மாதம் அண்ணனோடு சிங்கப்பூரின் தேக்காவில் சாப்பிடப் போனபோது, எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். கிராஞ்சி விடுதியில் இருக்கிறான், வீட்டில் அடுத்த வாரம் போர் போடுகிறார்கள், எண்பது அடி போகச் சொல்லியிருக்கிறானாம். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டான். கடைசியில், "நொய்யின்னா எந்த நொய்யிண்ணே? கஞ்சி நொய்யா, கோழிக்குப் போடுற குருணையா?" என்றான். சரியான கேள்வி. பக்கத்து மளிகைக் கடையில் பச்சரிசி நொய் ஒரு பொட்டலம் வாங்கி, அங்கேயே பிரித்து, அவன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தோம். அண்ணன் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். அவன் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு, போரை இரண்டு வாரம் தள்ளிப்போடச் சொல்ல அங்கேயே நின்று அவன் அப்பாவுக்குப் போன் போட்டான்.